அமெரிக்கக் கல்லூரிகளின் பெண்கள் கூடைப்பந்து: பயிற்சியாளர் மாற்றமும் வீராங்கனையர் இடமாற்றமும்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஒரு மாணவி எந்த அணியில் சேர்வார் என்பது பெரும்பாலும் பள்ளி முடிக்கும் முன்பே முடிவாகிவிடும். பயிற்சியாளர் ஊர் ஊராகப் போய்ப் பள்ளி ஆட்டங்களைப் பார்ப்பார். பிடித்த மாணவியின் வீட்டுக்குச் சென்று தாய் தகப்பனோடு உட்கார்ந்து பேசுவார். நான்கு ஆண்டுகள் தங்கள் மகளைத் தன் பொறுப்பில் விடச் சொல்லிக் கேட்பார். மாணவியும் பெற்றோரும் பல நேரம் அந்த மனிதரை நம்பித்தான் சம்மதிப்பார்கள். ஆனால் கையெழுத்து விழுவது கல்லூரியின் தாளில். 1964 முதல் 2024 வரை புழக்கத்தில் இருந்த தேசியச் சேர்க்கை உறுதிக் கடிதத்தில் இதற்கென்றே ஒரு விதி இருந்தது. மாணவி ஒப்பந்தம் செய்துகொள்வது கல்லூரியோடுதான், பயிற்சியாளரோடு அல்ல. பயிற்சியாளர் விலகிப் போனாலும் கடிதம் மாணவியைக் கட்டுப்படுத்தும் என்பது அதன் சாரம். பயிற்சியாளர் மாற்றத்தின் வரலாற்றையும் வீராங்கனையர் இடமாற்றத்தின் வரலாற்றையும் தனித்தனியாகச் சொல்ல முடியாமல் போவதற்கு இந்த முரணே காரணம். ஒருவர் போவதற்கு அனுமதி தேவைப்படவில்லை. அவரை நம்பி வந்தவருக்குத் தேவைப்பட்டது.

ஆட்டத்தின் தொடக்கக் காலத்தில் இந்தச் சிக்கலே எழவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891-இல் கூடைப்பந்தை உருவாக்கினார். அடுத்த ஆண்டே பக்கத்து ஊரான நார்த்தாம்ப்டனில், ஸ்மித் கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியை செண்டா பெரன்சன் அதைத் தன் மாணவிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். லித்துவேனியாவில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய குடும்பத்துப் பெண் அவர். 1893 மார்ச்சில் அங்கே முதலாமாண்டு மாணவிகளும் இரண்டாமாண்டு மாணவிகளும் மோதினார்கள். ஆண்களுக்கு அரங்கில் அனுமதியில்லை. பெண்கள் மூச்சுவாங்க ஓடக்கூடாது, ஒருவர் கையிலிருந்து ஒருவர் பந்தைப் பிடுங்கக்கூடாது என்று கருதிய பெரன்சன் களத்தை மூன்றாகப் பிரித்தார். அவரவர் பகுதியைத் தாண்டக்கூடாது, பந்தை மூன்று வினாடிக்கு மேல் வைத்திருக்கக்கூடாது, மூன்று முறைக்கு மேல் தட்டக்கூடாது என்றெல்லாம் விதிகள் வந்தன. 1896-இல் சான்பிரான்சிஸ்கோவில் ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் ஆடிய முதல் கல்லூரிகளுக்கிடையிலான ஆட்டம் 2-1 என்ற கணக்கில் முடிந்தது. அதன்பின் பல பத்தாண்டுகள் பெண்கள் ஆட்டம் பெரும்பாலும் கல்லூரிச் சுவர்களுக்குள்ளேயே நடந்தது. பயிற்சியாளர் என்று தனி வேலை கிடையாது. உடற்பயிற்சி ஆசிரியையே பாடவேளை முடிந்ததும் அணியைக் கவனித்துக்கொண்டார். உதவித்தொகையும் ஆள்சேர்ப்பும் இல்லாத இடத்தில் விட்டுப்போக ஒன்றுமில்லை. போனால் கிடைப்பதும் ஒன்றுமில்லை.

1969-இல் பென்சில்வேனியாவின் வெஸ்ட் செஸ்டர் கல்லூரியில் கேரல் எக்மன் என்ற பயிற்சியாளர் பெண்களுக்கு முதல் தேசிய அழைப்புப் போட்டியை நடத்தினார். 1971-இல் ஐந்து பேர் முழுக்களத்திலும் ஆடும் விதி வந்தது. அதே ஆண்டு கல்லூரிப் பெண்களின் விளையாட்டுக்கென்று ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற சங்கம் உருவானது. அதை நடத்தியவர்கள் பெண் உடற்பயிற்சி ஆசிரியர்கள். ஆண்களின் கல்லூரி விளையாட்டில் பணமும் ஆள்பிடிப்பும் என்ன செய்தன என்பதைக் கண்ணால் கண்டவர்கள் ஆகையால், அந்த வழியில் போகக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தார்கள். தொடக்கத்தில் விளையாட்டு உதவித்தொகையையே தடை செய்தார்கள். ஃபுளோரிடாவின் ஒரு கல்லூரியில் பணியாற்றிய பீச்சி கெல்மேயரின் பெயரில் வந்த வழக்குக்குப் பிறகு 1973-இல் அந்தத் தடையை விலக்கிக்கொண்டார்கள். வெளியூர் போய் மாணவிகளை வலைவீசிப் பிடிப்பதற்கும் கடுமையான கட்டுப்பாடு வைத்தார்கள்.

அந்தச் சங்கத்தின் விதிகளில் இன்று பலரும் மறந்துவிட்ட ஒன்று உண்டு. ஒரு கல்லூரியிலிருந்து இன்னொரு கல்லூரிக்கு மாறும் மாணவி உடனே ஆடலாம். காத்திருப்புக் காலம் கிடையாது. அவர் முதலில் மாணவி, பிறகுதான் விளையாட்டு வீரர். படிக்கும் இடத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை மற்ற மாணவர்களுக்கு உள்ளதுபோல் அவருக்கும் உண்டு என்பது அதன் அடிப்படை. 2024-இல் நீதிமன்றத்தின் நெருக்கடியால் கல்லூரி விளையாட்டு வந்து சேர்ந்த இடத்தில், 1970-களிலேயே ஆசிரியைகள் சிலர் தாமாக நின்றிருந்தார்கள்.

அந்தக் காலத்தின் முகம் இம்மாகுலாட்டா கல்லூரி. ஃபிலடெல்ஃபியாவுக்கு அருகே கன்னியாஸ்திரீகள் நடத்திய சிறிய கத்தோலிக்கப் பெண்கள் கல்லூரி அது. பயிற்சியாளர் கேத்தி ரஷ் வேலையில் சேர்ந்தபோது ஆண்டுச் சம்பளம் 450 டாலர். 1972-இல் இல்லினாய் மாநிலத்தில் நடந்த முதல் ஏ.ஐ.ஏ.டபிள்யூ. தேசியப் போட்டிக்குப் போகக் காசில்லை. பல்துலக்கி விற்றுப் பணம் சேர்த்தார்கள். அப்படியும் பதினொரு பேரில் எட்டுப் பேருக்குத்தான் விமானச் சீட்டுக்குக் காசு இருந்தது. அந்த எட்டுப் பேரும் இறுதியாட்டத்தில் வெஸ்ட் செஸ்டரை 52-48 என்று வென்று திரும்பினார்கள். பிந்திய ஆட்டங்களில் கன்னியாஸ்திரீகள் தகர வாளிகளைக் கொண்டுவந்து குச்சியால் தட்டி அரங்கை அதிரவைத்தது ஊர்ப்பேச்சானது. 1973, 1974 ஆண்டுகளிலும் இம்மாகுலாட்டாவே வென்றது. ஆனால் 1972-இல் நிறைவேறிய டைட்டில் நைன் சட்டம் நிலைமையை மாற்றிக்கொண்டிருந்தது. கல்வி நிறுவனங்களில் பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்ற அந்தச் சட்டத்தால் பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்களும் பெண்கள் அணிகளுக்குப் பணம் ஒதுக்க வேண்டி வந்தது. பல்துலக்கி விற்ற கல்லூரி அவற்றோடு போட்டியிட முடியாது. ரஷ் 1977-இல் கல்லூரிப் பயிற்சியிலிருந்தே விலகினார்.

பெரிய பல்கலைக்கழகங்களின் தொடக்கமும் எளிமையானதுதான். 1974-இல் டென்னசி பல்கலைக்கழகம் பாட் ஹெட் என்ற 22 வயதுப் பெண்ணிடம் அணியை ஒப்படைத்தது. மாதம் 250 டாலர். ஆட்டச் சீருடைகளை அவரே துவைத்தார், அணியின் வேனை அவரே ஓட்டினார். திருமணத்துக்குப் பின் பாட் சம்மிட் என்று அறியப்பட்ட அவர் 38 பருவங்கள் அதே இடத்தில் இருந்து 1,098 வெற்றிகளும் 8 தேசியப் பட்டங்களும் பெற்றார். ஒரு பயிற்சியாளர் ஒரே கல்லூரியில் வாழ்நாளைக் கழிக்கும் அந்த மரபுக்கு அவரே பெரிய சான்று. டெக்சஸில் ஜோடி கான்ராட், கனெக்டிகட்டில் ஜீனோ ஆரியெம்மா, ஸ்டான்ஃபோர்டில் டாரா வான்டெர்வீர் ஆகியோரும் அப்படியே வேரூன்றினார்கள். அவர்கள் கட்டிய அணிகளில் ஒரு மாணவிக்கு, தன்னை அழைத்தவர் நான்கு ஆண்டும் அங்கே இருப்பார் என்ற நிம்மதி இருந்தது. மற்ற நூற்றுக்கணக்கான கல்லூரிகளில் அது இல்லை.

திருப்பம் 1982-இல் வந்தது. ஆண்களின் கல்லூரி விளையாட்டை நடத்திவந்த என்.சி.ஏ.ஏ., பெண்களுக்கும் தேசியப் போட்டி நடத்த முடிவு செய்தது. அணிகளின் பயணச் செலவை அது ஏற்றுக்கொண்டது, ஏ.ஐ.ஏ.டபிள்யூ.வால் அது முடியாது. அந்த வசந்தத்தில் இரண்டு தேசியப் போட்டிகள் நடந்தன. ஃபிலடெல்ஃபியாவில் ஏ.ஐ.ஏ.டபிள்யூ.வின் கடைசிப் பட்டத்தை ரட்கர்ஸ் வென்றது. அதன் பயிற்சியாளர் தெரேசா கிரென்ட்ஸ், இம்மாகுலாட்டாவின் பழைய ஆட்டக்காரர். வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் என்.சி.ஏ.ஏ.வின் முதல் பட்டத்தை லூசியானா டெக் வென்றது. அதனிடம் 76-62 என்று தோற்றது செய்னி என்ற சிறிய கறுப்பினக் கல்லூரி. அதன் பயிற்சியாளர் விவியன் ஸ்ட்ரிங்கர். வென்ற அணியின் ஆட்டக்காரர்களில் ஒருவர் கிம் மல்கி. இந்தப் பெயர்கள் எல்லாம் பின்னால் மறுபடி வரும். ஏ.ஐ.ஏ.டபிள்யூ. ஏகபோக எதிர்ப்பு வழக்குத் தொடர்ந்து தோற்று, கலைந்தது.

அதோடு அதன் இடமாற்ற விதியும் போனது. என்.சி.ஏ.ஏ.வின் அன்றைய விதிப்படி, கல்லூரி மாறும் கூடைப்பந்து வீரர் புதிய இடத்தில் ஓராண்டு படித்துக்கொண்டு வெளியே உட்கார வேண்டும்; பயிற்சி செய்யலாம், போட்டியில் இறங்கக்கூடாது. படிப்பில் ஊன்ற அவகாசம் வேண்டும், ஒரு கல்லூரியின் ஆட்களை இன்னொரு கல்லூரி களவாடக்கூடாது என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். ஆனால் நீச்சல், கைப்பந்து, டென்னிஸ் போன்ற பல விளையாட்டுகளில் ஒருமுறை மாறுவோர் உடனே ஆட விதிவிலக்கு இருந்தது. கூடைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து, பேஸ்பால், ஆண்கள் ஐஸ் ஹாக்கி ஆகியவற்றுக்கு மட்டும் இல்லை. பணம் புரளும் விளையாட்டுகளில் படிப்பின் மேல் அக்கறை கூடுவது எப்படி என்பதற்கு யாரும் சரியான விளக்கம் தரவில்லை. பெண்கள் கூடைப்பந்தில் அன்று பெரும்பாலும் பணமும் புரளவில்லை. ஆண்கள் ஆட்டத்துக்காகச் செய்த பூட்டு அப்படியே பெண்களுக்கும் மாட்டப்பட்டது.

பயிற்சியாளர்களின் பக்கம் நடந்தது வேறு. ஆண்கள், பெண்கள் விளையாட்டுத் துறைகள் ஒன்றாக இணைக்கப்பட்டபோது தலைமைப் பதவிகள் பெரும்பாலும் ஆண்களிடம் போயின. சம்பளம் உயர உயர ஆண்களும் பெண்கள் அணிகளுக்கு விண்ணப்பித்தார்கள். டைட்டில் நைன் வந்த 1972-இல் பெண்கள் அணிகளின் பயிற்சியாளர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல் பெண்கள். 2014-இல் அது ஏறத்தாழ 43 விழுக்காடு. பெண்களின் விளையாட்டுக்குக் கதவு திறந்த அதே சட்டத்தின் காலத்தில், பெண்களின் கையிலிருந்து அந்த வேலை நழுவியது என்பது இந்த வரலாற்றின் வலிமிக்க பகுதி. நோட்ரேடாமின் மஃபெட் மெக்ராவ் தன் துணைப் பயிற்சியாளர்களாகப் பெண்களை மட்டுமே நியமிப்பதாக 2019-இல் வெளிப்படையாகச் சொன்னதன் பின்னணி இதுதான்.

சம்பளம் வந்ததும் பயிற்சியாளர்கள் நகரத் தொடங்கினார்கள். ஸ்ட்ரிங்கர் 1983-இல் செய்னியிலிருந்து அயோவாவுக்குப் போனார். அங்கே பெண்கள் விளையாட்டுத் துறையின் தலைவராக இருந்து அவரை அழைத்தவர், ஏ.ஐ.ஏ.டபிள்யூ.வின் முன்னாள் தலைவர் கிறிஸ்டின் கிராண்ட். 1992-இல் கணவரை இழந்த ஸ்ட்ரிங்கர், துயரம் ஆறாத அதே பருவத்தில், 1993-இல், அயோவாவைத் தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளுக்குள், கடைசி நால்வருக்குக் கொண்டுபோனார். 1995-இல் கிரென்ட்ஸ் ரட்கர்ஸை விட்டு இல்லினாய்க்குப் போக, அந்த இடத்துக்கு ஸ்ட்ரிங்கர் வந்தார். 2000-இல் ரட்கர்ஸும் கடைசி நால்வரில் நின்றது. மூன்று வெவ்வேறு கல்லூரிகளை அங்கே கொண்டுசேர்த்த முதல் பயிற்சியாளர் அவர். ஆண்கள் ஆட்டத்திலும் அதுவரை யாரும் செய்திராதது.

எல்லா நகர்வும் ஏற்றமாக இருக்கவில்லை. ஓல்ட் டொமினியன் கல்லூரிக்கு மூன்று தேசியப் பட்டங்கள் வாங்கித்தந்த மரியான் ஸ்டான்லி, 1993-இல் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஒப்பந்தம் முடிந்தபோது ஆண்கள் அணியின் பயிற்சியாளருக்கு இணையான சம்பளம் கேட்டார். உடன்பாடு ஏற்படவில்லை, வேலை போனது. வழக்குப் போட்டார். ஆண்கள் அணிப் பயிற்சியாளரின் அனுபவமும் பொறுப்பும் வேறு என்று சொல்லி மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. கிம் மல்கியின் கதை வேறு விதம். ஆடிய கல்லூரியிலேயே 15 ஆண்டுகள் துணைப் பயிற்சியாளராக இருந்த அவருக்கு 2000-இல் லூசியானா டெக் தலைமைப் பதவியைத் தர முன்வந்தது. அவர் ஐந்தாண்டு ஒப்பந்தம் கேட்டார். கல்லூரி நான்கு என்றது. அந்த ஓராண்டு இழுபறியில் அவர் டெக்சஸின் பெய்லருக்குப் போனார். பெய்லருக்கு 2005, 2012, 2019 ஆகிய ஆண்டுகளில் பட்டம் கிடைத்தது. லூசியானா டெக் அதன்பின் ஒருமுறைகூடக் கடைசி நால்வருக்கு வரவில்லை.

ஒரு பதவி காலியானால் சங்கிலியாகப் பல இடம் காலியாகும். 2007-இல் டெக்சஸின் கான்ராட் 900 வெற்றிகளோடு விலகினார். அந்த இடத்துக்கு டியூக்கின் கெய்ல் கோஸ்டன்கோர்ஸ் போனார். டியூக்குக்கு மிச்சிகன் ஸ்டேட்டின் ஜோஆன் மெக்கேலி வந்தார். மிச்சிகன் ஸ்டேட்டுக்கு ஈஸ்டர்ன் மிச்சிகனின் சூசி மெர்ச்சன்ட் வந்தார். ஓய்வு பெற்றவர் ஒருவர். சில வாரங்களுக்குள் நான்கு அணிகளின் மாணவிகள் தங்களுக்குப் பழக்கமில்லாத ஒருவரின் முன் நின்றார்கள். அவர்களில் யாராவது பழைய பயிற்சியாளரைப் பின்தொடர நினைத்தால் ஓராண்டு ஆட்டத்தை இழக்க வேண்டும். போன பயிற்சியாளர் அடுத்த நாளே வேலையைத் தொடங்கலாம்.

இந்தப் பூட்டைச் சுற்றி ஒரு பழைய சந்து இருந்தது. டெக்சஸ் மாநிலத்தின் பிரவுன்ஃபீல்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஷெரில் ஸ்வூப்ஸ், ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சில நாளிலேயே வீட்டு ஏக்கம் தாங்காமல் திரும்பினார். ஊருக்கு அருகே லெவல்லண்டில் சவுத் பிளெய்ன்ஸ் என்ற ஈராண்டுக் கல்லூரியில் ஆடி முடித்து, லப்பக்கில் உள்ள டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். ஈராண்டுக் கல்லூரியை முறையாக முடித்தவர் காத்திருக்கத் தேவையில்லை. 1993 இறுதியாட்டத்தில் ஒஹையோ ஸ்டேட்டுக்கு எதிராக அவர் தனியாளாக 47 புள்ளிகள் எடுக்க, டெக்சஸ் டெக் 84-82 என்று வென்றது.

சந்து கிடைக்காதவர்கள் கல்லூரியின் தயவில் இருந்தார்கள். மாற விரும்பும் மாணவியோடு வேறு கல்லூரிகள் பேச வேண்டுமானால், பழைய கல்லூரி எழுத்தில் விடுவிக்க வேண்டும். விடுவிக்காவிட்டால் புதிய இடத்தில் முதலாண்டு உதவித்தொகையும் கிடைக்காது. இந்த விதி என்ன செய்யும் என்பதை நாடு முழுக்க உணர்த்திய நிகழ்ச்சி 2014-இல் கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஸ்பெயினின் கேனரித் தீவுகளிலிருந்து வந்திருந்த லெட்டிசியா ரொமேரோ முதலாமாண்டிலேயே அணியின் முன்னணி ஆட்டக்காரர் ஆனார். பருவம் முடிந்த மார்ச்சில், 18 ஆண்டுகள் அங்கே இருந்த பயிற்சியாளர் டெப் பேட்டர்சனைப் பல்கலைக்கழகம் நீக்கியது. கடல் கடந்து தன்னை அழைத்துவந்தவர்கள் போனபின், ரொமேரோ தானும் வேறிடம் போக அனுமதி கேட்டார். மறுத்தார்கள். மேல்முறையீடு செய்தார். அதையும் மறுத்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த, உதவித்தொகையை நம்பிப் படிக்கும் மாணவிக்கு அதற்கு ஒரே பொருள்தான்: இங்கேயே இரு, அல்லது வீட்டுக்குப் போ. பத்திரிகைகள் எழுதின, மற்ற கல்லூரிகளின் பயிற்சியாளர்களும் கண்டித்தார்கள். ஜூனில்தான் விடுவிப்பு வந்தது. அவர் ஃபுளோரிடா ஸ்டேட்டில் சேர்ந்து ஓராண்டு வெளியே உட்கார்ந்தார். 2016 ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்ற ஸ்பெயின் அணியில் அவர் இருந்தார்.

காத்திருப்புக்கு விதிவிலக்கு கேட்டு என்.சி.ஏ.ஏ.வுக்கு மனுப் போடும் வழியும் இருந்தது. அதன் தராசு எப்படிச் சாயும் என்பது யாருக்கும் பிடிபடவில்லை. நெப்ராஸ்காவிலிருந்து நோட்ரேடாமுக்கு மாறிய ஜெசிக்கா ஷெப்பர்டுக்கு 2017-இல் உடனே ஆட அனுமதி கிடைத்தது. அந்தப் பருவமே நோட்ரேடாம் தேசியப் பட்டம் வென்றது. 2019-இல் டென்னசி தன் பயிற்சியாளர் ஹாலி வார்லிக்கை நீக்கியபின் கனெக்டிகட்டுக்கு மாறிய எவினா வெஸ்ட்புரூக்குக்கு மறுக்கப்பட்டது. அவர் ஒரு பருவம் முழுக்க இருக்கையில் உட்கார்ந்திருந்தார். மாணவியின் அந்தரங்கம் கருதி காரணங்கள் வெளியிடப்படுவதில்லை. பட்டப்படிப்பை முடித்துவிட்டு ஆடும் தகுதி மிச்சம் உள்ளவர்கள் மட்டும் மேற்படிப்புக்கு மாறி உடனே ஆட முடிந்தது. லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் (எல்.எஸ்.யூ.) பட்டம் பெற்றுப் பெய்லருக்கு வந்த குளோயி ஜாக்சன் அப்படித்தான் 2019 இறுதியாட்டத்தில் 3.9 வினாடி இருக்கையில் பந்தைக் கூடையில் இட்டு 82-81 என்று பட்டத்தை உறுதி செய்தார்.

பயிற்சியாளரைப் பின்தொடர்ந்து, ஓராண்டு காத்திருந்து, அந்தக் காத்திருப்புக்குப் பொருள் தந்தவர் ஆரி மெக்டொனால்ட். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் துணைப் பயிற்சியாளராக இருந்த ஏடியா பார்ன்ஸ் 2016-இல், தான் முன்பு ஆடிய அரிசோனாவுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். அடுத்த ஆண்டு வாஷிங்டனின் தலைமைப் பயிற்சியாளர் மைக் நெய்பர்ஸும் ஆர்கன்சாவுக்குப் போய்விட்டார். மெக்டொனால்ட் பார்ன்ஸிடம் போனார். அவர் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்த 2017-18 பருவத்தில் அரிசோனா 6 ஆட்டங்களில் வென்று 24-இல் தோற்றது. 2021 ஏப்ரலில், சான் அன்டோனியோவில், அதே அரிசோனா கடைசி நால்வரில் கனெக்டிகட்டை 69-59 என்று வீழ்த்தியது. இறுதியாட்டத்தில் ஸ்டான்ஃபோர்டை விட ஒரு புள்ளி பின்னால். சில வினாடிகள் மிச்சம். மூன்று தடுப்பாளர்கள் சூழ்ந்து கைகளை உயர்த்தி நிற்க, மெக்டொனால்ட் அவர்களுக்கு மேலாகப் பந்தை எறிந்தார். அது வளையத்தில் பட்டு விலகியது. 54-53. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். பார்ன்ஸ் 2025-இல் அரிசோனாவை விட்டு எஸ்.எம்.யூ. பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

பூட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்தது 2018-க்குப் பிறகு. அந்த ஆண்டு அக்டோபர் 15-இல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற கணினிப் பதிவேடு செயல்படத் தொடங்கியது. மாற விரும்புவோர் தம் கல்லூரிக்கு அறிவித்தால் போதும். கல்லூரி இரண்டு வேலை நாளுக்குள் பெயரை ஏற்ற வேண்டும். அதன்பின் யாரும் அவரோடு பேசலாம். அனுமதி என்ற சொல் அறிவிப்பு என்று மாறியது. ரொமேரோவுக்கு நேர்ந்தது இனி இன்னொருவருக்கு நேராது. 2021 ஏப்ரலில் எல்லா விளையாட்டிலும் ஒருமுறை மாறுவோர் உடனே ஆடலாம் என்றானது. அதே ஜூலையில், மாணவர்கள் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்ற உரிமை வந்தது. கோவிட் பருவம் கணக்கில் கொள்ளப்படாததால் பலருக்கு ஓராண்டு கூடுதலாகவும் கிடைத்திருந்தது. மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்தன. ஒவ்வோர் ஆண்டும் என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவுக் கல்லூரிகளிலிருந்து மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பதிவேட்டில் பெயர் கொடுக்கலானார்கள்.

இதை முதலில் முழுதாகப் பயன்படுத்தியவர் மல்கி. 2021-இல் பெய்லரை விட்டுச் சொந்த மாநிலமான லூசியானாவின் எல்.எஸ்.யூ.வுக்கு வந்தார். முந்தின பருவத்தில் 9 ஆட்டங்களே வென்றிருந்த அணி அது. பெய்லரில் முதலாமாண்டோடு அணியிலிருந்து விலக்கப்பட்டு, ரட்கர்ஸ், டெக்சஸ் ஏ அண்ட் எம் என்று சுற்றிய அலெக்சிஸ் மோரிஸ், தன்னை விலக்கிய அதே மல்கியிடம் வந்து சேர்ந்தார். 2022-இல் மேரிலண்டிலிருந்து ஏஞ்சல் ரீஸும் மேற்கு வர்ஜீனியாவிலிருந்து ஜாஸ்மின் கார்சனும் வந்தார்கள். 2023 இறுதியாட்டத்தில் அயோவாவுக்கு எதிராகக் கார்சன் 22 புள்ளிகளும் மோரிஸ் 21 புள்ளிகளும் எடுத்தார்கள், எல்.எஸ்.யூ. 102-85 என்று வென்றது. முன்பெல்லாம் ஒரு பயிற்சியாளர் தன் அணியைக் கட்ட நான்கைந்து ஆண்டு கேட்பார். இங்கே இரண்டாவது ஆண்டில் பட்டம் வந்தது.

ஒருமுறை என்ற வரம்பும் நிலைக்கவில்லை. ஒஹையோ உள்ளிட்ட ஏழு மாநிலங்கள் 2023 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடர, நீதிபதி காத்திருப்பு விதிக்குத் தடை விதித்தார். 2024 ஏப்ரலில் என்.சி.ஏ.ஏ. தானே விதியைத் திருத்தியது: படிப்பில் தகுதியோடு இருப்பவர் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம். பெயர் கொடுப்பதற்கான கால அளவை மட்டும் 60 நாளிலிருந்து 45-ஆகவும், பின் 30-ஆகவும் குறைத்தார்கள். தலைமைப் பயிற்சியாளர் போய்விட்டால் அந்த அணி மாணவிகளுக்குத் தனியாக 30 நாள் அவகாசம் தரப்பட்டது. பயிற்சியாளரின் விலகல் மாணவியின் வாழ்க்கையையும் பாதிக்கும் என்பதை விதிப்புத்தகம் ஒருவழியாக ஒப்புக்கொண்டது இந்த இடத்தில்தான். 2024 அக்டோபரில் பழைய சேர்க்கை உறுதிக் கடிதமும் ஒழிந்தது.

இந்தச் சுதந்திரத்தின் இரு பக்கத்தையும் ஒரே ஆண்டில் பார்க்க முடிந்தது. டெக்சஸ் கிறிஸ்தியன் பல்கலைக்கழகத்தில் காயங்களால் அணி கரைந்துபோக, 2024 ஜனவரியில் இரண்டு ஆட்டங்களை ஆடாமலே விட்டுக்கொடுத்தார்கள். வளாகத்தில் படிக்கும் எந்த மாணவியும் வந்து ஆடிக்காட்டலாம் என்று அறிவித்து, வந்தவர்களில் நால்வரைச் சேர்த்துக்கொண்டு பருவத்தை முடித்தார்கள். அடுத்த பருவத்தில் லூயிவில், எல்.எஸ்.யூ. வழியாக வந்த ஹெய்லி வான் லித் முதலானோரைக் கொண்டு பயிற்சியாளர் மார்க் கேம்பெல் அதே அணியைப் பிக் 12 கூட்டமைப்பின் பட்டத்துக்கும், முதன்முறையாகத் தேசியப் போட்டியின் கடைசி எண்மருக்கும் கொண்டுபோனார். மறுபக்கம் ஒரெகான் ஸ்டேட். 2024-இல் கடைசி எண்மர்வரை வந்த அணி அது. அதன் கூட்டமைப்பான பேக் 12 சிதைந்துபோகவும், ரேகன் பீர்ஸ் ஓக்லஹோமாவுக்கும், டாலியா வான் ஓயல்ஹோஃபன் தெற்குக் கலிஃபோர்னியாவுக்கும், டிமியா கார்டினர் யு.சி.எல்.ஏ.வுக்கும், டோனோவின் ஹன்டர் டெக்சஸ் கிறிஸ்தியனுக்கும் போனார்கள். பயிற்சியாளர் ஸ்காட் ரூக் போகவில்லை. மிச்சமிருந்தவர்களையும் புதியவர்களையும் வைத்து அடுத்த ஆண்டு தன் புதிய கூட்டமைப்பின் போட்டியை வென்று மறுபடி தேசியப் போட்டிக்கு வந்தார். போகிறவர் பயிற்சியாளர், தவிப்பவர் மாணவி என்ற பழைய நிலை அங்கே தலைகீழானது.

நீண்ட காலம் ஓரிடத்தில் இருந்தவர்கள் இந்த ஆண்டுகளில் ஒவ்வொருவராக விலகினார்கள்: 2020-இல் மெக்ராவ், 2022-இல் ஸ்ட்ரிங்கர், 2024-இல் 1,216 வெற்றிகளோடு வான்டெர்வீர், அதே ஆண்டு அயோவாவின் லிசா புளூடர். வயதும் களைப்பும் காரணங்களாக இருந்திருக்கலாம். ஆனாலும் ஒவ்வொரு வசந்தத்திலும் தன் சொந்த அணியையே மறுபடி ஆள்சேர்க்க வேண்டிய வேலை அவர்கள் தொடங்கிய வேலை அல்ல. விலை மதிப்பும் மாறிவிட்டது. 2025 ஜனவரியில் தென் கரோலினாவின் பயிற்சியாளர் டான் ஸ்டேலியுடன் செய்துகொண்ட ஒப்பந்தம் ஆண்டுக்கு 40 லட்சம் டாலர். 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே மாணவர்களுக்கு வருவாயில் நேரடியாகப் பங்கு தரலாம் என்றானது. ஒரு கல்லூரி எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து முதலாண்டில் கொடுக்கக்கூடியது 2.05 கோடி டாலர்வரை. அதில் பெரும்பகுதி கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகும் ஏற்பாடுகளே பரவலாக உள்ளன.

பள்ளியிலிருந்து நேரே வந்தவர்களை நான்காண்டு வளர்க்கும் பழைய முறையில் இன்னும் பெரிதும் நிற்பவர் ஆரியெம்மா. 1985 முதல் கனெக்டிகட்டில் இருக்கும் அவர் 2025-இல் பன்னிரண்டாவது பட்டம் வென்றார். பெய்ஜ் பெக்கர்ஸ், ஆசி ஃபட், சாரா ஸ்ட்ராங் மூவரும் அங்கேயே தொடங்கியவர்கள். அந்த அணியில் பந்தை முன்னெடுத்துச் சென்ற கெய்ட்லின் சென் மட்டும் பிரின்ஸ்டனிலிருந்து வந்தவர். பட்டம் முடித்தவர்கள் ஆடுவதைப் பிரின்ஸ்டன் உள்ளிட்ட ஐவி லீக் கல்லூரிகள் அனுமதிப்பதில்லை. மிச்சமிருந்த ஓராண்டு ஆட்டத்தை அவர் கனெக்டிகட்டில் ஆடினார்.